கரகரப்பை யார் சேர்த்தது? – வாசகர் கேள்வி பதில்

போன மாதம் ஹிப்-ஹாப் பீட்களின் கரகரப்பை ரசித்துப் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். பாராட்டியும் திட்டியும் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அதனால் இந்த மாதம் முழுக்க இதுதான். வேறு கேள்விகள் அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் ராத்திரியெல்லாம் ஒரே மாதிரி இசையைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். பாட்டு இல்லை, பாடுகிறவரும் இல்லை. ரேடியோவில் ஸ்டேஷன் சரியாகப் பிடிக்காத மாதிரி கரகரவென்று ஒரு சத்தம், அதன் மேல் டிரம். ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்கிக் கொடுத்தேன். அதிலும் அப்படியேதான் கேட்கிறது, அவன் சிரிக்கிறான். இதில் என்னதான் இருக்கிறது? (ஒரு தந்தை)

பதில்: பழைய ஸ்பீக்கரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் சார், அதன் மேல் ஒரு தப்பும் இல்லை. ஹிப்-ஹாப் பாட்டிலிருந்து ராப் செய்கிறவரை, அதாவது தாளத்தோடு வரிகளைப் பேசுகிறவரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது எதுவோ, அதைத்தான் உங்கள் மகன் கேட்கிறான். பீட் என்பார்கள்.

இதன் பிறப்பிடம் நியூயார்க்கின் பிராங்க்ஸ். 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தில் நடந்த ஒரு விருந்தில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டு ஓட்டினார். அவருடைய சகோதரி ஏற்பாடு செய்த விருந்து அது. பாட்டுக்கு நடுவே மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்து டிரம் மட்டும் தனியாக ஒலிக்கும் சில நொடிகள் வருமே, கூட்டம் அதற்குத்தான் உயிரைக் கொடுத்து ஆடுகிறது என்பதை ஹெர்க் கவனித்து வைத்திருந்தார். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் வைத்து, இது முடியும்போது அது, அது முடியும்போது இது என்று அந்த நொடிகளையே நீட்டிக்கொண்டு போனது அவர் பாணி. 1980-களில் அந்த வேலையைச் சாம்பிளர் என்கிற மெஷின்கள் எடுத்துக்கொண்டன. பழைய தட்டிலிருந்து ஒரு துண்டைப் பதிந்து வைத்து, பட்டனைத் தட்டினால் திரும்ப ஒலிக்கும். அந்தத் துண்டுக்குப் பெயர் சாம்பிள்.

சரி, கரகரப்புக்கு வருகிறேன். அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். 1960-களிலோ 70-களிலோ ஏதோ ஒரு ஸ்டூடியோவில், ஒரு அறையில், மைக் வைத்துப் பிடித்த பியானோ. அறையின் எதிரொலியும் டேப்பின் இரைச்சலும் அதோடு சேர்ந்தே பதிவாகியிருக்கும். தட்டில் வந்த பிறகு தூசும் கீறலும் சேர்ந்திருக்கும். பீட் செய்கிறவர் அதில் இரண்டு நொடியை அறுத்தெடுக்கும்போது அறையையும் தூசையும் சேர்த்தேதான் அறுக்கிறார். அதற்கு மேல் வேறொரு தட்டிலிருந்து, வேறொரு அறையில் அடித்த டிரம்மைக் கொண்டுவந்து வைக்கிறார். ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு வாத்தியக்காரர்கள் சேர்ந்து வாசிக்கிறார்கள், ஆனால் இருவரும் ஒரே இடத்தில் இல்லை என்பதைக் காது கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறது. உங்கள் மகனை இழுப்பது அந்த உரசல்தான் என்பது என் கட்சி.

ஒரு வேலை செய்யுங்கள். அவனிடம் ஹெட்ஃபோனை வாங்கிப் போட்டுக்கொண்டு, மெலடியை விட்டுவிட்டு, ஒரு 'டிக்'கைத் தேடிப் பிடியுங்கள். தட்டில் இருந்த ஏதோ ஒரு கீறலின் சத்தம். நான்கு தாளத் தட்டு கழித்து அதே 'டிக்' அதே இடத்தில் வரும். மறுபடி வரும். ஐந்தாறு சுற்று போனால் அதற்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிடுவீர்கள். கீறலாக வந்தது தாளத்தில் ஓர் அடியாகிவிட்டிருக்கும்.

கேள்வி: என் மடிக்கணினியில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் மணிக்கணக்கில் பதிவு செய்யலாம். 1987-ல் வந்த, மொத்தமே 10 நொடி பதியக்கூடிய ஒரு டப்பாவை இன்னும் கொண்டாடுகிறார்களே! பழசு என்றாலே வருகிற மயக்கம்தானே இது? (மென்பொருள் துறை வாசகர்)

பதில்: பாதி மயக்கம்தான். மீதிப் பாதிக்குக் கணக்கு இருக்கிறது, உங்கள் துறைக்காரர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் டப்பா ஈ-மு நிறுவனத்தின் எஸ்.பி-1200. பன்னிரண்டு பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ் (ஒலியளவை எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறது என்பது பிட், நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளக்கிறது என்பது கிலோஹெர்ட்ஸ்). மொத்த மெமரி சுமார் 10 நொடி, அதிலும் ஒரு ஒலி இரண்டரை நொடியைத் தாண்டக் கூடாது. இப்போது, நிமிடத்துக்கு 90 தாளத் தட்டு வேகத்தில் ஒரு பீட் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு தட்டு சேர்ந்த ஒரு பார் 2.67 நொடி. இரண்டரை நொடியில் அடங்காது! ஒரே ஒரு பாரைக்கூட முழுசாக உள்ளே வைக்க முடியாது.

வழி இரண்டு. ஒன்று, துண்டு துண்டாக வெட்டி, தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு, வேறு வரிசையில் அடுக்குவது. இன்னொன்று தந்திரம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓட வேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் ஓட்டிப் பதிய வேண்டும். 1.35 மடங்கு வேகம் என்பதால் 2.67 நொடி 1.98 ஆகச் சுருங்கி உள்ளே போய்விடும். அப்புறம் மெஷினில் சுருதியை ஐந்து அரைச்சுருதி (பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலான தூரம்) அளவுக்கு இறக்கினால் பழைய வேகம் திரும்ப வந்துவிடும்.

வேகம் வந்துவிடும், ஆனால் ஒலி பழையபடி வராது. 26 கிலோஹெர்ட்ஸ் என்றால் அதில் பாதி, 13 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் பதியும். வேகத்தைக் குறைத்ததும் அந்த உச்சவரம்பு 9.6-க்கு இறங்குகிறது. ஜால்ரா போன்ற சிம்பலின் பளபளப்பு, மூச்சுக்காற்றின் மெல்லிய சத்தம் எல்லாம் காலி. ஒலி இருண்டு, தடித்துப் போகிறது. போதாததற்கு, சுருதியை இறக்கும்போது இடைவெளியை மழுப்பி நிரப்பும் கணக்கெல்லாம் அந்த மெஷினுக்குத் தெரியாது, இருக்கிற எண்ணையே திரும்பப் போட்டு ஒப்பேற்றும். அதனால் மூலத்தில் இல்லவே இல்லாத ஒரு உலோகக் கணீர் மேலே ஒட்டிக்கொள்கிறது. பன்னிரண்டு பிட் விஷயமும் உண்டு: சிடியில் ஒலியளவுக்கு 65,536 படிகள், இதில் 4,096 படிகள். ஓங்கி அடித்த கிக் டிரம்முக்கு (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) இது பெரிய நஷ்டமில்லை. ஆனால் ஸ்நேரை (சடாரென்று ஒலிக்கும் சின்ன டிரம்) அடித்தபின் அது தேய்ந்து அடங்கும் வால் இருக்கிறதே, அங்கே படிகள் போதாமல் ஒலி பொரிந்து பொரிந்து அடங்கும். நீங்கள் 'கரடுமுரடு' என்று கேட்பதில் பெரும்பங்கு அந்த வாலில்தான் இருக்கிறது. பெரிய சத்தத்தில் தேடினால் கிடைக்காது.

இன்னொரு விஷயம், இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. அந்த மெஷினுக்கு எட்டு அவுட்புட், அதாவது ஒலி வெளியே வரும் ஓட்டை. முதல் இரண்டில் மேல் ஒலிகளை மடக்கும் அனலாக் ஃபில்டர் உண்டு, கடைசி இரண்டில் ஃபில்டரே இல்லை. அதனால் ஒரே சாம்பிளை முதல் அவுட்புட்டில் விட்டால் பேஸ் (அடித்தொனி) மட்டும் உருண்டு வரும். ஹை-ஹாட்டை (காலால் மூடித் திறக்கும் ஜோடிச் சிம்பல்) கடைசியில் விட்டால் முள்முள்ளாகக் குத்தும். எந்த ஒலியை எந்த ஓட்டையில் விடுவது என்பதே பாதி மிக்ஸிங், அதாவது ஒலிகளைக் கலக்கும் வேலை.

இதில் எதையும் யாரும் அழகுக்காக ஆரம்பிக்கவில்லை. அப்போது மெமரி கொள்ளை விலை, அவ்வளவுதான். ஆனால் வெட்டியே ஆக வேண்டும் என்றானபோது வெட்டுகிற கை தேறியது. மாப் டீப் என்ற ராப் இரட்டையர் 1995-ல் வெளியிட்ட ஆல்பத்தில், இருவரில் ஒருவரான ஹேவோக் செய்த ஒரு பீட்டின் பியானோ எங்கிருந்து வந்தது என்று ரசிகர்கள் வருடக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஹெர்பி ஹான்காக் 1969-ல் வெளியிட்ட அமைதியான ஒரு ஜாஸ் பதிவு அது என்று 2011-ல்தான் துப்புக் கிடைத்தது. சுருதியை இறக்கி, வெட்டி மாற்றி அடுக்கியதில் அந்த மென்மையான பியானோ ஆளை மிரட்டுகிற சத்தமாகிவிட்டிருந்தது.

உங்கள் மடிக்கணினியில் முழுப் பாட்டையும் வைத்துக்கொள்ளலாம். எந்த இரண்டு நொடி வேண்டும் என்று முடிவெடுத்தே தீர வேண்டிய நெருக்கடி அதில் வராது. நெருக்கடியை நீங்களாக வரவழைத்துக்கொண்டால் மடிக்கணினியிலேயே எல்லாம் நடக்கும். பழைய மெஷினுக்காகக் கடன் வாங்காதீர்கள்.

கேள்வி: டிரம்ஸ் கற்றுக்கொள்கிறேன். மெட்ரனோம் (சீராகத் தாளம் தட்டும் கருவி) வைத்து, ஒரு இம்மி பிசகாமல் வாசிக்கச் சொல்கிறார் ஆசிரியர். ஆனால் ஜே டில்லா என்கிற பீட்மேக்கரின் பீட்களைக் கேட்டால் தாளம் தள்ளாடுகிறது. அதைப் போய் மேதைமை என்கிறார்களே? (மாணவி)

பதில்: ஆசிரியர் சொல்வதைக் கேளுங்கள் அம்மா. நேராக நடக்கத் தெரிந்தவரின் தள்ளாட்டம் அது.

ரோஜர் லின் என்ற வடிவமைப்பாளர் 1980-ல் கொண்டுவந்த எல்.எம்-1 டிரம் மெஷினிலேயே, ஒன்றுவிட்டு ஒரு அடியைக் கொஞ்சம் தாமதமாக விழவைக்கும் ஸ்விங் என்ற வசதி உண்டு. 1988-ல் அவர் அகாய் நிறுவனத்துக்காக வடிவமைத்த எம்.பி.சி-60 சாம்பிளரிலும் அது வந்தது. 90 தட்டு வேகத்தில் அரைத் தட்டு 333 மில்லிவிநாடி. அதைச் சரிபாதியாகப் பிரித்தால் அடுத்த அடி 167-ல் விழும். ஸ்விங்கை 62 சதவீதத்துக்குத் திருப்பினால் 207-ல் விழும். வெறும் 40 மில்லிவிநாடி தாமதம், ஆனால் தலை தானாக ஆட ஆரம்பித்துவிடும்.

டில்லா இதற்கு ஒரு படி மேலே போனார். எல்லா அடிகளையும் ஒரே அளவுக்குத் தள்ளாமல், ஹை-ஹாட்டுக்கு ஒரு நடை, ஸ்நேருக்கு ஒரு நடை, கிக்குக்கு இன்னொரு நடை என்று பிரித்துவிட்டார். பல பீட்களில் ஸ்நேர் மயிரிழை முந்தி விழும், கிக் சோம்பலாகப் பின்னால் வரும். மெஷின் தானாகத் திருத்தும் வசதியை அணைத்துவிட்டு, பேடுகளை (மெஷினில் தட்டும் பட்டன்கள்) கையால் தட்டிப் பதிவதும் உண்டு என்பார்கள். சோதித்துப் பார்க்க வேண்டுமா? ஒருமுறை ஹை-ஹாட்டை மட்டும் பின்பற்றித் தொடையில் தட்டுங்கள், அடுத்தமுறை ஸ்நேரை மட்டும். இரண்டுமே தனித்தனியாக ஒழுங்காக இருக்கும். சேர்த்துத் தட்டும்போதுதான் கை திணறும். டெட்ராய்ட்காரரான அவருடைய எம்.பி.சி-3000 இப்போது வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கேள்வி: படிக்கும்போது ஓடவிடுகிறார்களே லோ-ஃபை, அதுவும் இதுவும் ஒன்றா?

பதில்: ஒரே குடும்பம். ஆனால் லோ-ஃபையில் டிரம் உங்களைத் தொந்தரவு செய்யாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கும். நான் சொல்கிற இசையில் டிரம் முன்னால் வந்து நின்று சட்டையைப் பிடிக்கும். அதை ஓடவிட்டுவிட்டு ஒரு பக்கம் படித்து முடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமை.

கேள்வி: ஓராண்டாக வீட்டிலேயே பீட் செய்கிறேன். தட்டுச் சரசரப்புக்கு ஒரு பிளக்-இன் (கூடுதல் மென்பொருள்), டேப் இரைச்சலுக்கு ஒன்று, பிட் குறைக்க ஒன்று என்று எல்லாம் போட்டும் செயற்கையாகவே இருக்கிறது. நண்பர்கள் "மழை பெய்கிற மாதிரி இருக்கு" என்கிறார்கள். என்ன செய்யலாம்? (இளம் பீட்மேக்கர்)

பதில்: நண்பர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள் தம்பி. எல்லாம் செய்து முடித்தபின் மேலே தெளித்திருக்கிறீர்கள்.

நிஜமான சாம்பிளில் இரைச்சல் துண்டுக்குள்ளேயே இருக்கும். துண்டு தொடங்கும்போது அதுவும் தொடங்கும், துண்டை வெட்டிய இடத்தில் அதுவும் சட்டென்று வெட்டுப்படும். ஒவ்வொரு ஸ்நேருக்கும் முன்னால் இரைச்சல் ஒரு கணம் தலைகாட்டி, பின்னால் மறைவதை நல்ல ஹெட்ஃபோனில் கேட்கலாம். அந்த வந்து போதல் பீட்டுக்கு மூச்சு. உங்கள் பிளக்-இன்னோ முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை நிற்காமல் ஒரே சீராகப் பெய்கிறது. அதனால்தான் மழை.

எனவே வரிசையை மாற்றுங்கள். முதலில் சாம்பிளை அழுக்காக்குங்கள், அப்புறம் வெட்டுங்கள். அந்தப் பழைய மெஷினின் குணம் வேண்டுமென்றால், சாம்பிளை ஐந்து அரைச்சுருதி மேலே ஏற்றி, 26 கிலோஹெர்ட்ஸ் 12 பிட்டுக்கு இறக்கி எழுதி, பிறகு மறுபடி ஐந்து கீழே கொண்டுவாருங்கள். கடைசிப் படியில் மென்பொருள் தானாக மழுப்பும் வசதியை அணைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த உலோகக் கணீர் வராது, வெறும் மங்கல்தான் மிஞ்சும். தயார்த் தொகுப்புகளில் வரும் சுத்தமான கிக் சாம்பிளை வைத்துக்கொண்டு மல்லாடுவதைவிட, ஒரு பழைய டிரம் பகுதியிலிருந்து கிக்கை வெட்டுங்கள். அதன் வாலில் ஹை-ஹாட் ஒரு துளி ஒட்டிக்கொண்டு வரும். வரட்டும், துடைக்காதீர்கள். அதற்கு ஒரு கம்ப்ரஸரை (பெரிய சத்தத்துக்கும் சின்னச் சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைப்பது) அழுத்திப் போட்டால் அடிக்கும் அடிக்கும் நடுவே அறைச் சத்தம் வீங்கி எழும். எடை அங்கிருந்துதான் வருகிறது.

முக்கியமான ஒன்று: பேஸைச் சுத்தமாக விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் நசுக்கினால் எதுவும் நசுங்கியதாகத் தெரியாது. நான் மிக்ஸிங் மேஜையில் பார்க்கும் பீட்களில் பாதி இந்த இடத்தில்தான் படுத்துவிடுகின்றன. இதற்கு நேர்மாறாக ஒரு இளைஞர் வந்தார், அருமையான பீட், ஆனால் "இரைச்சலை எடுத்துத் தாங்க, ரொம்பப் பழசா இருக்கு" என்றார். நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டுக் காட்டினேன். இரைச்சலோடு ஸ்நேரின் வாலும் போய்விட்டது, டிரம்மில் உயிரே இல்லை. முகம் சுருங்கி, "பழையபடியே இருக்கட்டும் அண்ணே" என்றார்.

கேள்வி: அழகாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் அடுத்தவர் வாசித்ததை வெட்டி ஒட்டிப் பெயர் வாங்குவதற்குத் திருட்டு என்பதுதானே பெயர்? (ஓய்வுபெற்ற இசை ஆசிரியர்)

பதில்: இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கிற ரசிகர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு ஐயா.

தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு 1969-ல் வெளியிட்ட ஒரு பாட்டில் கிரகரி கோல்மன் என்பவர் சுமார் ஏழு நொடியே வரும் ஒரு டிரம் பகுதியை வாசித்தார். உலகத்திலேயே அதிகம் சாம்பிள் செய்யப்பட்ட பகுதிகளில் ஒன்று அது. 2006-ல் அவர் இறந்தார், அதற்காக ஒரு காசு ராயல்டி வந்ததில்லை. ஜேம்ஸ் பிரவுன் குழுவில் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு கதையும் கிட்டத்தட்ட அதேதான். பாட்டை எழுதியவராக அவர் பெயர் போடப்படவில்லை, எனவே சட்டப்படி டிரம் அடித்தவருக்கு ஒன்றும் இல்லை. சாம்பிள் செய்தவர்கள் கொடுக்காதது ஒரு பக்கம், முதலில் இசைத் தொழிலே கொடுக்கவில்லை என்பது இன்னொரு பக்கம்.

அமெரிக்கச் சட்டம் 1991-ல் விழித்துக்கொண்டது. கில்பர்ட் ஓ'சல்லிவன் பாட்டிலிருந்து அனுமதியின்றி எடுத்ததற்காக ராப்பர் பிஸ் மார்க்கி தரப்பின் மேல் போட்ட வழக்கில், நீதிபதி கெவின் டஃபி தீர்ப்பையே 'திருடாதே' என்ற விவிலியக் கட்டளையோடு தொடங்கினார். உங்கள் கட்சி. 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, இரண்டு நொடி கிடார் துண்டானாலும் அனுமதி வாங்கு, இல்லாவிட்டால் சாம்பிள் செய்யாதே என்றது. 2016-ல் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், கால் நொடிக்கும் குறைவான ஒரு ஹார்ன் (ஊதுகருவி) ஒலி விஷயத்தில் அதற்கு நேரெதிராகத் தீர்ப்புச் சொன்னது.

என் கருத்தைக் கேட்டால்: வெட்டுவது கலை, வெட்டியதற்குக் காசு கொடுக்காமல் விடுவது குற்றம். ஒன்றைச் சொன்னால் இன்னொன்று இல்லை என்று ஆகிவிடாது.

கேள்வி: எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது? ராப் வேண்டாம், இசை மட்டும் போதும்.

பதில்: டிஜே ஷேடோ 1996-ல் வெளியிட்ட 'என்ட்ரொடியூசிங்'. ஏறக்குறைய முழுக்கச் சாம்பிள்களாலேயே கட்டியது, மூளையாக இருந்தது ஒரு எம்.பி.சி-60. நீளமாக, மெதுவாக விரியும். பிறகு பீட் ராக் 2001-ல் கொண்டுவந்த 'பீட்ஸ்ட்ருமென்டல்ஸ்', அதில் பேஸை மட்டும் ஒருமுறை தனியாகக் கவனியுங்கள். ஜே டில்லாவின் 'டோநட்ஸ்' 31 துண்டுகள், பெரும்பாலானவை ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 2006 பிப்ரவரி 7 அன்று, அவருடைய 32-ஆவது பிறந்தநாளில் வெளிவந்தது, மூன்று நாள் கழித்து அவர் காலமானார். முதல் தடவை கேட்கும்போது பிடிக்காமல் போனால் தள்ளிவைத்துவிட்டு மற்ற இரண்டையும் கேட்டுவிட்டு வாருங்கள்.

போனின் சின்ன ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். கிக்கும் பேஸும் அதில் வரவே வராது, கரகரப்பு மட்டும் வரும். அப்புறம் முதல் கடிதம் எழுதிய தந்தை மாதிரி ஸ்பீக்கர் மேல் சந்தேகம் வந்துவிடும்.